காபி தீர்ந்த டம்ளர்

டிசம்பர், திங்கள்

காலை ஏழரை. மந்திர் மார்க்கில் பிர்லா கோயிலின் கோபுரம் பனிமூட்டத்தில் பாதிதான் தெரிகிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் 7 பள்ளிகளில் ஒன்று இருக்கும் சாலை இது. இங்கே பன்னிரண்டாம் வகுப்பில் ஓவியத்தைப் பாடமாக எடுத்திருக்கும் ஒரு பெண், ஸ்வெட்டர் கையை இழுத்து மூடியபடி வகுப்புக்குள் நுழைகிறாள். சிபிஎஸ்இ ஓவியப் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 30 மதிப்பெண், செய்முறைக்கு 70. முகமே இல்லாமல், கைகளை வைத்தே உணர்ச்சியைச் சொல்லும் படங்கள் வரையப் போகிறாள்.

கோபத்துக்கு இறுக மூடிய முஷ்டி. பயத்துக்கு விரிந்த விரல்கள். வீட்டில் தம்பி இரண்டாவதைப் பார்த்துவிட்டு, “காங்கிரஸுக்குப் பிரசாரமா?” என்றான்.

புதன்

வரைந்த 9 படங்களையும் தரையில் பரப்பினாள். எல்லாம் இடக்கை! வலக்கையில் பென்சில் இருக்கும்போது மாதிரிக்கு வேறு எந்தக் கை கிடைக்கும்? பிரெஞ்சுச் சிற்பி ரோடான் 1908இல் செய்த ‘தேவாலயம்’ சிற்பத்தில் இரண்டு கைகள் ஒன்றையொன்று தொடாத குறையாய் நிற்கும். இரண்டுமே வலக்கை. அப்படியானால் அங்கே இருப்பது இரண்டு பேர். இந்தக் கணக்கு பிடிபட்டதும் சொந்தக் கையை விட்டுவிட்டாள்.

வெள்ளி

தமிழ் ஆசிரியை சிலப்பதிகார அரங்கேற்று காதையைத் தொட்டுப் பேசினார். ஒற்றைக்கை அபிநயம் பிண்டி, இரண்டு கையும் சேர்ந்தால் பிணையல். அடியார்க்குநல்லார் உரை முன்னதை 33 என்றும் பின்னதை 15 என்றும் கணக்கிடுகிறது. அழகுக்கு எழிற்கை, வேலைக்குத் தொழிற்கை.

மாலையில் தொழிற்கையைத் தேடிக் கோயில் வாசலுக்குப் போனாள். செருப்பு வாங்கி வைப்பவர் ஆளை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஒரு கை செருப்பை வாங்கும்போதே மறு கை டோக்கனை நீட்டிவிடுகிறது. சுண்டுவிரல் மட்டும் எதிலும் கலந்துகொள்ளாமல் தனியே விறைத்து நிற்கிறது. அந்தச் சுண்டுவிரலுக்கே நான்கு பக்கம் செலவு.

ஞாயிறு

ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்தில் சோழர் கால நடராசர். முன் வலக்கை அஞ்சாதே என்கிறது. முன் இடக்கை யானைத் துதிக்கைபோல் தாழ்ந்து தூக்கிய பாதத்தைக் காட்டுகிறது. முகத்தில் சலனமே இல்லை. பேச்சு முழுக்கக் கைகளில்தான்.

அங்கிருந்து நவீனக் கலைக்கூடம். சென்னைக் கலைப்பள்ளி முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் ‘உழைப்பின் வெற்றி’ அவள் பாடத்திட்டத்திலேயே உண்டு. மெரினாவில் 1959 முதல் பாறையை நகர்த்திக்கொண்டிருக்கும் அதே 4 பேர் இங்கே வளாகத்திலும் நகர்த்துகிறார்கள். உள்ளே அம்ரிதா ஷேர்கில் 1935இல் தீட்டிய ‘மூன்று பெண்கள்’. வெளியே அத்தனை முறுக்கேறிய கைகளைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு, இவர்களின் சும்மா கிடக்கும் கைகள்தான் தொண்டையை அடைத்தன.

செவ்வாய்

பாட்டி கரோல்பாக் வீட்டு பால்கனி வெயிலில் உட்கார்ந்திருந்தாள். காபி தீர்ந்து வெகுநேரமாகியும் சூடு போன எவர்சில்வர் டம்ளரை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்திருந்தாள். கட்டைவிரல் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்தது. உரைகாரர் சொன்ன 15 பிணையலில் இது எது?

“என்னடி அப்படிப் பாக்கற?”

“அப்படியே இருங்க பாட்டி.”

வியாழன்

சார்கோலில் வரைந்த டம்ளர் பளபளவென்று வந்துவிட்டது; கண் அதற்கே போகிறது, கைக்குப் போகவில்லை. டம்ளரை அழித்தாள். இப்போது டியூரர் 1508இல் நீலத்தாளில் வரைந்த பிரார்த்தனைக் கைகளின் சாயல். தம்பியும், “பாட்டி சாமி கும்பிடறாங்களா?” என்றான். மாவாய் உதிர்ந்த ரப்பர் துகளை ஊதிவிட்டு, விளிம்பை மட்டும் ஒரே கோட்டில் திரும்பப் போட்டாள். கைகள் மறுபடி எதையோ பிடித்துக்கொண்டன.

பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“இந்தப் பக்கம் ஒரு நசுங்கல் இருக்குமே, அதை விட்டுட்டியே.”