நேயர் விருப்பம்

ஜும்ரி தலையா என்று ஓர் ஊர் நிஜமாகவே இருக்கிறதா? வட இந்தியாவில் ரேடியோ கேட்டு வளர்ந்த பலருக்கு இந்தச் சந்தேகம் உண்டு. பாட்டுக் கேட்டு எழுதியவர்கள் பட்டியலில் அத்தனை முறை அடிபட்ட பெயர் அது. அறிவிப்பாளர்களின் கற்பனை என்றுகூட நினைத்தார்கள். ஊர் இருக்கிறது. அன்று பீகாரில், 2000 முதல் ஜார்க்கண்டில். கோடர்மா மாவட்டத்து மைக்கா நகரம். சுரங்கம் சோறு போட்டது. தபால் கார்டு புகழ் சேர்த்தது.

அப்படி ஒரு கார்டை 1974ல் எழுதியவருக்கு இப்போது வயது எழுபதை நெருங்குகிறது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். முதல் காதலைப் பற்றிப் பேச்சு வந்தால் அவருடைய நண்பர்கள் ஆளுக்கொரு பாட்டைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் மட்டும் சிரிப்பதில்லை.

கார்டு எழுதும் பழக்கம் பழையது. 1952ல், பி.வி. கேஸ்கர் அமைச்சராக இருந்தபோது, அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைத் தள்ளிவைத்தது. நேயர்கள் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் ரேடியோ சிலோனில் அமீன் சயானியின் பினாகா கீத்மாலா தொடங்கியது. 1957ல் விவித் பாரதியைத் தொடங்கி டெல்லி சமாதானத்துக்கு வந்தது. இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்துக்காகக் காத்துக் கிடந்த தமிழர்களுக்கு இந்த வியாதியை விளக்க வேண்டியதில்லை.

ஜும்ரி தலையாவில் அது முற்றியிருந்தது. ஒரே கார்டில் நண்பர்கள் கூட்டமாகப் பெயர் போடுவார்கள். யார் பெயர் அதிக முறை வந்தது என்று டீக்கடையில் கணக்கு நடக்கும். பாட்டு ஒரு சாக்குதான். ரேடியோவில் தன் பெயரைக் கேட்க வேண்டும், அவ்வளவே.

அவருக்கு அப்போது 18 வயது. எதிர்வீட்டுப் பெண் மெட்ரிக் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ராஜ்கபூரின் ‘பாபி’ வெளியான மறுவருடம் அது. பள்ளிப் படிப்பை முடித்த பையனும் மீனவரின் மகளும் வீட்டை எதிர்த்து ஓடிப்போகும் படம். லதா மங்கேஷ்கரும் சைலேந்திர சிங்கும் அதில் பாடிய ஜோடிப் பாட்டு ஒலிக்கும்போதெல்லாம் அவள் வீட்டு ஜன்னல் திறந்திருப்பதை அவர் கவனித்தார். தனக்கான சமிக்ஞை என்றே நம்பினார். கோடையில் தெருவில் எல்லா ஜன்னல்களும்தான் திறந்திருந்தன. அது உறைக்கப் பல வருடங்கள் ஆயிற்று.

கார்டில் தன் பெயரை எழுதினார். பக்கத்தில் அவள் பெயரையும் எழுதினார்.

சில வாரங்கள் கழித்து அறிவிப்பாளர் இரண்டு பெயர்களையும் சேர்த்து நாட்டுக்கே படித்துக் காட்டினார். டீக்கடையில் முதுகில் தட்டினார்கள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்கிறார். பாட்டு முடியும்வரை.

எதிர்வீட்டில் ரேடியோ நின்றது. அவள் பள்ளிக்குப் போவதும் நின்றது. மறுவாரம் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மெட்ரிக் எழுதவில்லை. ஆறு மாதத்தில் கல்யாணம். அவருக்குக் கிடைத்தது அப்பாவிடம் இரண்டு அறை. பிறகு கல்லூரிக்குப் போனார், வேலைக்குப் போனார்.

1998ல் தன்பாதில் ஒரு கல்யாணப் பந்தியில் அவரைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாளே பேசினார்: “எனக்கு அந்தப் பாட்டே பிடிக்காது. எனக்குத் தலத் மெஹ்மூத்தான். எழுதுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீங்கள்.” குரலில் கோபம் இல்லை. பக்கத்தில் இருந்த மகளை அறிமுகம் செய்துவைத்தார். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. அதை இரண்டு முறை சொன்னார்.

2024 பிப்ரவரியில் சயானி மறைந்தபோது நண்பர்கள் ஃபோனில் அந்த நாட்களைப் பேசி உருகினார்கள். யாரோ ‘பாபி’ பாட்டை அனுப்பிவைத்தார். என்ன பாட்டு என்று கேட்ட பேத்தியிடம் முதல்முறையாகக் கார்டு கதையைச் சொன்னார், கல்யாணப் பந்தி வரைக்கும்.

“அவங்க பேரு என்ன தாத்தா?”

“அதை ஒரு தடவை ஊருக்குச் சொன்னதே போதும்மா” என்றார்.