கூட்டினால் நூறு வராது

தங்கச்சி போடியிலிருந்து ஒரு எக்செல் கோப்பு அனுப்பியிருந்தாள். முதுகலைப் படிப்புக்கான ஆய்வு. விடியும் முன்னே ஜீப் ஏறி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தம்பாறை ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களிடம் கேட்டது. அதில் ஒரு கேள்வி: 'மலைக்கு வேலைக்குப் போவது ஏன்?' பொருந்துவதையெல்லாம் டிக் செய்யலாம்.

"அண்ணே, கூட்டுனா நூத்துக்கு மேல போகுது. சரி பண்ணிக் குடு."

கூகுள் ஃபார்ம் ஒருவரின் எல்லாப் பதில்களையும் ஒரே கட்டத்தில் காற்புள்ளி போட்டு ஒட்டித் தரும். நான் அவசரத்தில் முதல் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டினேன். கூட்டினேன். அழகாக நூறு வந்தது.

முதல் வரிசை அம்மாவுடையது. படிவம் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தங்கச்சி அம்மாவிடம் கேட்டு நிரப்பியது. அம்மா மூன்று சொல்லியிருந்தாள்: பிள்ளைகள் படிப்பு, கடன், மற்றவை. 'மற்றவை'க்கு எதிரே, 'ஜீப்புல பேசிச் சிரிச்சுக்கிட்டே போலாம்' என்று இருந்தது. நான் வெட்டியபின் மிஞ்சியது 'பிள்ளைகள் படிப்பு' மட்டும். என் இன்ஜினியரிங் ஃபீஸ். இத்தனை வருஷமாக என் மனதில் இருந்த கணக்கும் அதுதான். அம்மா மலையேறியது எனக்காக, எனக்காக மட்டும்.

இத்தனைக்கும் அந்த 'முதல் பதில்' அம்மா முதலில் சொன்னதுகூட இல்லை. படிவத்தில் எது மேலே இருக்கிறதோ, அது முதலில் வரும்.

போன் போட்டேன். "உனக்காகப் போகலேன்னு யாரு சொன்னா? அதுக்கு மட்டும்தான் போனேன்னு நான் எப்பய்யா சொன்னேன்?"

திரும்ப முதலிலிருந்து செய்தேன். ஒவ்வொரு பதிலுக்கும் தனிப் பத்தி. டிக் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. கேள்வியையே தாண்டிப் போனவர்களுக்கு 0 போடக் கூடாது, வெற்றாக விட வேண்டும். பாண்டாஸில் இந்தப் பிரிப்பை ஒரே வரியில் செய்துவிடலாம், ஆனால் அது வெற்றிடத்தையும் சத்தமில்லாமல் 0 ஆக்கிவிடும். எஸ்பிஎஸ்எஸ்ஸில் இந்தப் பத்திகளை ஒரே தொகுப்பாக அறிவித்தால் இரண்டு சதவீதம் கிடைக்கும். 10 பேர் 25 டிக் போட்டு, அதில் கடனுக்கு 8 விழுந்திருந்தால், பதில்களில் அது 32 சதவீதம், ஆட்களில் 80 சதவீதம். முதல் வகையைக் கூட்டினால் நூறு வரும். இரண்டாவதைக் கூட்டினால் 250. அதில் தப்பே இல்லை. 'எத்தனை பேருக்குக் கடன்?' என்பதற்கு இரண்டாவதுதான் பதில்.

போடி ஏலக்காய்க் கடைகளில் சல்லடை போட்டுத் தரம் பிரிப்பார்கள். ஒரு காய் ஒரு தரத்தில்தான் விழும். மனுஷர்கள் அப்படி விழுவதில்லை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, தெருவில் தமிழ், தோட்டத்தில் மலையாளம் என்று வாழ்பவர்கள் எங்கள் ஊரில் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழிக்கு ஒரே இடம். தெரிந்த பிற மொழிகளுக்கு இரண்டு.

அட்டவணைக்குக் கீழே ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்: 'ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட பதில் சொல்லியிருக்கலாம், எனவே கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டும்.'

சோதனை வரிசையை ஆய்வில் சேர்க்கக் கூடாது. அம்மாவின் வரிசையை அழித்துவிட்டேன். அதற்கு முன் எனக்கென்று ஒரு நகல் எடுத்துவைத்துக்கொண்டேன், மூன்று டிக்கோடும்.