வீட்டிலேயே ஒரு ஐரிஷ் பப் பர்கர்

பர்கர் என்றதும் பலருக்கும் என்ன ஞாபகம் வரும்? கண்ணாடிக் கதவு, பளபள விளக்கு, காகிதத்தில் சுற்றி இரண்டே நிமிடத்தில் கைக்கு வரும் அந்த ஒல்லியான சமாச்சாரம்தானே! அயர்லாந்து பப்களில் கிடைப்பது வேறு ரகம். 2 சென்டிமீட்டர் கனத்தில் மாட்டுக்கறி, மேலே உருகி வழியும் செடார் சீஸ், கறுப்பு பீரில் வதக்கிய வெங்காயம், பக்கத்தில் விரல் தடிமனுக்கு உருளைக்கிழங்கு வறுவல். கையால் சாப்பிடுவதா, கத்தியும் முள்கரண்டியும் கேட்பதா என்று யோசிக்க வைக்கும்.

இதை வீட்டில் செய்ய முடியுமா? முடியும். கார்க் நகரத்துப் பையன் ஒருவன் செய்தான். ஆனால் அவனுக்குச் சமையலை விடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அவன் அம்மா பர்கரைத் தொடுவதே இல்லை!

காரணம் 2013-இல் இருக்கிறது. அந்த வருடம் ஜனவரி 15 அன்று அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. சூப்பர் மார்க்கெட்டில் விற்ற 27 வகை மாட்டுக்கறி பர்கர்களைச் சோதித்ததில் 10 வகைகளில் குதிரையின் மரபணு இருந்தது. 23 வகைகளில் பன்றியின் மரபணு. ஒரு வகையில் கறியில் 29 சதவீதம் குதிரை! உடம்புக்குக் கெடுதல் இல்லை என்றுதான் ஆணையம் சொன்னது. ஆனால் உறையில் ஒன்று, உள்ளே வேறொன்று. குதிரையைச் சாப்பிடும் பழக்கம் இல்லாத நாடு அது. ஊரே கொதித்தது.

அப்போது பையனுக்கு எட்டு வயது. வெள்ளிக்கிழமை இரவானால் அம்மா ஃப்ரீஸரிலிருந்து பாக்கெட் பர்கரை எடுத்துச் சுடுவது வழக்கம். செய்தி வந்த அன்றே மிச்சமிருந்ததைக் குப்பையில் போட்டார். குதிரையை விட, "பிள்ளைகளுக்கு என்னத்தைக் கொடுத்தேன் என்றே தெரியாமல் கொடுத்திருக்கிறேனே" என்பதுதான் அவரைச் சுட்டது. அதோடு அந்த வீட்டில் பர்கர் நின்றுபோனது.

பையன் வளர்ந்து கால்வே நகரத்துக்குப் படிக்கப் போனான். வார இறுதியில் ஒரு பப் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை. கழுவிக்கொண்டே வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொண்டான். விடுமுறைக்கு வந்தவன் அம்மாவுக்குச் செய்து கொடுப்பது என்று முடிவு செய்தான்.

முதல் வேலை, அம்மாவையும் கூட்டிக்கொண்டு இங்கிலீஷ் மார்க்கெட்டுக்குப் போனது. 1788-இலிருந்து கார்க்கில் இருக்கும் சந்தை அது. கறிக்கடையில் மாட்டின் தோள்பட்டைக் கறி 500 கிராம், கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு இருக்கும்படி காட்டி, கண்ணெதிரே அரைக்கச் சொன்னான். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆனால் இயந்திரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சரி, செய்முறைக்கு வரலாம். இரண்டு வெங்காயத்தை நீளமாக நறுக்கி, வெண்ணெயில் சிறு தீயில் அரை மணி நேரம் வதக்க வேண்டும். கடைசியில் கொஞ்சம் ஸ்டௌட் ஊற்றிச் சுண்ட விட வேண்டும். டப்ளின்காரர்கள் கின்னஸ் ஊற்றுவார்கள். கார்க்காரன் மர்ஃபீஸ்தான் ஊற்றுவான்!

ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து இரண்டு மேசைக்கரண்டி பாலில் ஊறவைத்து மசித்து, கறியோடு லேசாகக் கலக்க வேண்டும். இது எதற்கு? ஸ்டேக் என்றால் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும், உள்ளே சிவப்பாக விட்டாலும் பரவாயில்லை. அரைத்த கறியில் மேலே இருந்த கிருமி உள்ளேயும் போய்விடும். ஈ.கோலி பொல்லாதது. அதனால் நடுப்பகுதி 75 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும் என்பது அதே ஆணையத்தின் அறிவுரை. அவ்வளவு சூட்டில் கறி வறண்டுபோகும். பாலில் ஊறிய ரொட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

மூன்றாகப் பிரித்து வடை போலத் தட்டி, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி. இல்லாவிட்டால் நடுவில் உப்பிக்கொள்ளும். உப்பைக் கறியில் போட்டுப் பிசையவே கூடாது. பிசைந்தால் சாஸேஜ் மாதிரி இறுகிவிடும். கல்லில் போடும் நேரத்தில் மேலே தூவினால் போதும். இரும்புக் கல் நன்றாகக் காய்ந்ததும் ஒரு பக்கம் நான்கைந்து நிமிடம், மறுபக்கம் அதே அளவு. கரண்டியால் அழுத்தினீர்களோ, சாறு முழுக்கக் கல்லுக்குத்தான்! சீஸை வைத்து ஒரு நிமிடம் மூடி, இறக்கி மூன்று நிமிடம் சும்மா விட வேண்டும்.

வெப்பமானியை அம்மாவே குத்திப் பார்த்தார். 76.

வெண்ணெயில் வாட்டிய பன்னில் அந்த ஊர்ப் பாலிமலூ தக்காளி ரெலிஷைத் தடவி, வெங்காயத்தைக் குவித்துத் தட்டில் வைத்தான். அம்மா கத்தியால் பாதியாக வெட்டி, உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையிலேயே எடுத்துச் சாப்பிட்டார்.

பாதியில் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் கறிக்கடை வெள்ளிக்கிழமை எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?"