8,400 ரூபாய்க்காக ஒரு பூட்டு

கணக்கில் இருந்தது 2,37,000 ரூபாய். காவல்துறை சந்தேகப்பட்டது 8,400 ரூபாயை. முடக்கப்பட்டது முழுக் கணக்கும். 2024 அக்டோபரில், நவராத்திரி வாரத்தில் என்னிடம் வந்த வழக்கு இவ்வளவுதான். ரிட் மனுவின் முதல் பத்தியையும் ஏறக்குறைய இப்படியேதான் எழுதினேன். வக்கீல்கள் நீட்டி எழுதுகிறவர்கள் என்று பெயர். இந்த வழக்கில் அந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதி வாதம் முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

என் கட்சிக்காரர் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி. திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய தெருவில் வாடகை வீடு. முன்பு சின்னதாக ஒரு சேலைக் கடை வைத்திருந்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்ற வரும் ஆந்திர, தெலங்கானா பக்தர்கள்தான் முக்கிய வாடிக்கை. 2020 ஊரடங்கில் கிரிவலம் நின்றது. கடை வாடகை நிற்கவில்லை. கடையைக் காலி செய்தபோது அவர் கையில் மிஞ்சியது வாடிக்கையாளர்களின் போன் நம்பர் எழுதிய ஒரு நோட்டுதான். பி.காம். முடித்த மகள் அந்த நம்பர்களை வைத்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார். அடுத்து இன்ஸ்டாகிராம் பக்கம், வெள்ளிக்கிழமை மாலைகளில் லைவ்.

வியாபாரம் நடக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்கே அதில்தான் இருக்கிறது. ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் இருக்கும் நெசவாளர்கள், தறியிலிருந்து அறுத்தெடுத்த சேலையைப் படம் பிடித்து அனுப்புவார்கள். மகள் அதை ஸ்டேட்டஸில் போடுவார். பிடித்தவர்கள் முந்தானையைக் காட்டு, பார்டரைக் காட்டு என்று கேட்பார்கள். விலை பேசி, ஜிபேயில் பணம் வந்ததும் பில் போட்டு கொரியரில் அனுப்பி, டிராக்கிங் நம்பரையும் அதே உரையாடலில் போட்டுவிடுவார். பிற மாநிலங்களுக்கும் சேலை போவதால் மகள் பிடிவாதமாக ஜிஎஸ்டி எண் வாங்கியிருந்தார். சரக்கு விற்கிறவர்களுக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாநிலம் தாண்டி விற்றால் அந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது. வீட்டிலிருந்து விற்கும் நிறைய பேருக்கு இது தெரிவதில்லை.

மகளுக்கும் ஒரு வேலை உண்டு. பெங்களூரில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு எழுதுகிறார், திருவண்ணாமலை வீட்டிலிருந்தே. அந்தச் சம்பளமும் அம்மாவோடு சேர்ந்த அதே கூட்டுக் கணக்கில்தான் வந்து விழுந்தது. ஆக, கணக்கு முடங்கிய அன்று அந்த வீட்டின் இரண்டு வருமானமும் ஒன்றாக நின்றன.

முடங்கியது என்று யாரும் சொல்லவில்லை. தேவிகாபுரத்து நெசவாளி ஒருவருக்குக் கூலி அனுப்பப் பார்த்தபோது பணம் போகவில்லை. வங்கிக்குப் போனால், "சைபர் ஹோல்டு, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது, அந்த ஸ்டேஷன்ல இருந்து என்ஓசி வாங்கிட்டு வாங்க" என்றார்கள். அந்த ஸ்டேஷன் வேறொரு மாநிலத்தில் இருந்தது. அதற்குள் இன்ஸ்டாகிராமில் ஒருவன் முளைத்து, 15,000 ரூபாய் கொடுத்தால் கணக்கை விடுவித்துத் தருகிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தான். இப்படிப்பட்டவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். யாரும் ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதீர்கள். நல்லவேளையாக மகள் கொடுக்கவில்லை.

"நாங்க யாரையும் ஏமாத்தலையே சார். அந்த ஊருக்கு எப்படிப் போறது, போனாலும் எந்த பாஷைல பேசறது?" என்று கேட்டார் அந்த அம்மா.

"நீங்க எங்கேயும் போக வேண்டாம்மா. முதல்ல பேப்பரை வரவழைப்போம்" என்றேன்.

வங்கிக்கு ஒரு கடிதம் எழுதினோம். புகாரின் ஒப்புகை எண் என்ன, சந்தேகத் தொகை எவ்வளவு, விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல் எது, முடக்கச் சொன்ன உத்தரவின் நகல் எங்கே, முடக்கியதை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்தார்களா? இப்படிச் சிக்குகிற எவரும் வக்கீல் இல்லாமலே இந்த ஐந்து கேள்விகளையும் எழுத்தில் கேட்கலாம். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகத்தான் பதில் வரும், அதை வைத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்திலும் எதுவும் செய்ய முடியாது.

பதில் வந்தபோது சங்கிலி தெரிந்தது. வேறொரு மாநிலத்தில் ஒரு இளம் பெண். வீட்டிலிருந்தே பகுதி நேர வேலை, ஹோட்டல்களுக்கு ரேட்டிங் போட்டால் காசு என்று டெலிகிராமில் வந்த வலையில் விழுந்திருக்கிறார். முதலில் கொஞ்சம் பணம் கொடுத்து நம்ப வைப்பார்கள். பிறகு "டாஸ்க்" முடிக்க நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்பார்கள். கட்டக் கட்டத் தொகை ஏறும். இந்த வகை மோசடிக்குப் பயன்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது. மோசடி நின்றபாடில்லை. அந்தப் பெண் கட்டிய பணம் வாடகைக்கு எடுத்த யாரோ ஒருவரின் கணக்குக்குப் போய், அங்கிருந்து துண்டு துண்டாகப் பிரிந்தது. அதில் ஒரு துண்டு, பழைய பைக்கை விற்ற ஓசூர்க்காரர் ஒருவருக்கு விலையாகப் போயிருக்கிறது. அவர் அந்தப் பணத்திலிருந்து மனைவிக்குத் தீபாவளிச் சேலை வாங்கினார். 8,000 ரூபாய், ஐந்து சதவீத ஜிஎஸ்டி 400. சேர்த்து 8,400.

வீட்டிலிருந்து வேலை என்று சொல்லி ஒரு பெண்ணை ஏமாற்றினார்கள். அந்த ஏமாற்றின் வால், உண்மையிலேயே வீட்டிலிருந்து வேலை பார்க்கும் வேறு இரண்டு பெண்களின் கழுத்தைச் சுற்றியது. கோப்பைப் படித்து முடித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் காவல்துறை மேல் இல்லை. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு ஒருவர் அழைத்ததும், பணம் போன வங்கி, அதற்கடுத்த வங்கி, அதற்கும் அடுத்த வங்கி என்று வரிசையாகத் தகவல் ஓடி ஆங்காங்கே பணத்தைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு நல்ல ஏற்பாடு. சில மணி நேரம் தாமதித்தால் பணம் ஏடிஎம் வழியாகக் கரைந்துவிடும். வேகம் தேவைதான். ஆனால் 8,400 ரூபாயைப் பிடிக்க வேண்டிய இடத்தில் 2,37,000 ரூபாயைப் பிடிப்பதில் வேகமும் இல்லை, பயனும் இல்லை. அந்த மிச்சப் பணத்தால் ஏமாந்த பெண்ணுக்கு ஒரு பைசா நன்மை கிடையாது.

வங்கிக் கணக்கைக் காவல்துறை முடக்கலாமா என்ற கேள்வி 1999-இல் மகாராஷ்டிர அரசு எதிர் தபஸ் நியோகி வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வங்கிக் கணக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-ஆவது பிரிவில் சொல்லப்படும் "சொத்து"தான், முடக்கலாம் என்று தீர்ப்பானது. அது ஊழல் குற்றச்சாட்டுக்கு ஆளான ஒரு அரசு ஊழியரின் வழக்கு. அப்போது யுபிஐயே இல்லை, அது வந்தது 2016-இல். 2024 அக்டோபர் என்ற ஒரே மாதத்தில் நாட்டில் நடந்த யுபிஐ பரிமாற்றங்கள் 1,600 கோடிக்கும் மேல். யாரிடமிருந்து வருகிறது, அவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்து பணம் வாங்க எந்தக் கடைக்காரராலும் முடியாது. 102-ஆவது பிரிவு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவாகிவிட்டது. எண் மாறினாலும், கைப்பற்றியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை மாறவில்லை. எங்கள் வழக்கில் தெரிவித்ததற்கான தாள் எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

எங்களுக்குக் கை கொடுத்தது, இந்த வழக்கு என்னிடம் வந்ததற்கு முந்தைய மாதம்தான் வந்திருந்த ஓர் உத்தரவு. 2024 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜி. ஜெயச்சந்திரன் இதே மாதிரி ஒரு மனுவை விசாரித்தார். கணக்கில் ஒன்பது லட்சத்துக்கும் மேல், சந்தேகத் தொகை சுமார் இரண்டரை லட்சம். தொகையையும் காலத்தையும் வரையறுக்காமல், விசாரணை என்ற பெயரில் முழுக் கணக்கையும் முடக்குவது தொழில் செய்யும் உரிமையையும் பிழைப்புக்கான உரிமையையும் மீறுவதாகும் என்று சொல்லி, இரண்டரை லட்சத்தை நிறுத்திவைத்து மீதியைப் புழங்க அனுமதித்தார். கேரள உயர் நீதிமன்றமும் 2023-லேயே சந்தேகத் தொகை அளவுக்கு மட்டும் முடக்கு என்று சொல்லியிருந்தது.

விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலில் எல்லாவற்றையும் அனுப்பினோம். அந்த மகளை இங்கே பாராட்டியே ஆக வேண்டும். ஓசூர் வாடிக்கையாளர் முதலில் "விலை என்ன சிஸ்டர்?" என்று கேட்டதிலிருந்து, சேலை கிடைத்துவிட்டது என்று மனைவி கட்டிக்கொண்டு அனுப்பிய படம் வரை முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து சேமித்து வைத்திருந்தார். ஜிஎஸ்டி பில், கொரியர் ரசீது, அந்தச் சேலையை நெசவாளியிடம் வாங்கியதற்கான பதிவு, சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழ், பெங்களூர் நிறுவனத்தின் சம்பளச் சீட்டு எல்லாம் தேதி வாரியாக இருந்தன. பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழையும் இணைத்தேன். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று சொன்னதன் புதிய வடிவம் அது. இரண்டு பகுதி, ஒன்றில் கருவி வைத்திருப்பவர் கையெழுத்து, இன்னொன்றில் நிபுணர் கையெழுத்து, மின்பதிவின் ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். போனில் இருக்கும் உரையாடல் சாட்சியமாக நிற்க வேண்டுமானால் போனை மாற்றும்போதும் அது அழியாமல் இருக்க வேண்டும். அழித்துவிட்டு வந்து அழுகிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன்.

அதிகாரியிடமிருந்து பதில் வரவில்லை. தீபாவளி அக்டோபர் 31. ஆரணியில் ஒரு மாஸ்டர் வீவரிடம் இந்த அம்மா கொடுத்திருந்த 95,000 ரூபாய் செக் இருந்தது. அவர் அதை வங்கியில் போட்டுத் திரும்பி வந்தால், செக் மோசடி வழக்கு என்று இன்னொரு பயம். "நான் போடலம்மா, நீ கணக்கைச் சரி பண்ணு, ஆனா தறிக்காரங்களுக்கு தீபாவளிக்குள்ள கொடுக்கணுமே" என்று அவர் போனில் சொன்னதை அம்மா என்னிடம் சொன்னபோதுதான், இனிக் காத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். மனுவை மின்தாக்கல் செய்தோம்.

அந்தக் காவல் நிலையம் வேறு மாநிலத்தில் இருக்கிறது, சென்னை உயர் நீதிமன்றம் எப்படி விசாரிக்கலாம் என்ற ஆட்சேபனை வந்தது. கணக்கு திருவண்ணாமலையில், பாதிப்பும் திருவண்ணாமலையில். வழக்கு மூலத்தின் ஒரு பகுதி இங்கே எழுந்தாலே அரசியல் சட்டத்தின் 226(2) போதும் என்றேன். விசாரணை முடியாமல் மனுதாரர் அப்பாவி என்று எப்படிச் சொல்வது என்று எதிர்த்தரப்பு கேட்டது. நியாயமான கேள்வி. அதற்கு நான் சொன்னது இதுதான்: "அவர் அப்பாவி என்று இன்றைக்கே தீர்ப்பளிக்கச் சொல்லி நான் வரவில்லை. சந்தையில் ஒரு கடைக்காரரிடம் திருட்டு நோட்டு ஒன்று வந்து சேர்ந்தால் அந்த நோட்டை எடுத்துப் போகலாம். கடைக்குப் பூட்டுப் போடக் கூடாது. இவருக்கு வேறு கடை இல்லை, இந்தக் கணக்குதான் கடை."

8,400 ரூபாயை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்க உத்தரவானது. விசாரணைக்கு ஒத்துழைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. உத்தரவு நகல் வங்கிக்குப் போய், கணக்கு திறந்து, ஆரணி செக் பாஸானது தீபாவளிக்கு முந்தைய வாரத்தில். வியாபாரத்துக்குத் தனியாக ஒரு நடப்புக் கணக்கு, மகளின் சம்பளத்துக்கு வேறு வங்கியில் வேறு கணக்கு என்று பிரித்துக்கொள்ளச் சொன்னேன். அதை உடனே செய்தார்கள்.

மிச்சம் இருந்தது அந்த 8,400. அதைக் கேட்க வேண்டுமானால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆவது பிரிவில், அந்த மாநிலத்து மாஜிஸ்திரேட் முன்னால் மனுப் போட வேண்டும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. நல்லெண்ணத்தோடு, சரக்கு கொடுத்து வாங்கிய பணம் அது. சேலை ஓசூரில் ஒரு வீட்டில் இருக்கிறது, நெசவாளிக்குக் கூலி போய்விட்டது, அரசுக்கு வரியும் கட்டியாயிற்று. அதை இழக்க வேண்டியவர் இவர் அல்ல.

அம்மாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "அது அந்தப் பொண்ணோட காசு தானே சார்? வேலைன்னு நம்பித்தானே அதுவும் கட்டுச்சு?" என்றார்.

"உங்களோடதும் உழைச்ச காசுதாம்மா" என்றேன். மகளும் என் பக்கம்தான் பேசினார். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் வழியாக மனுவைத் தயார் செய்து அனுப்பியபோது, கையெழுத்துப் போடுமுன் ஒரு வரி சேர்க்கச் சொன்னார் அந்த அம்மா. புகார்தாரருக்கு அவர் இழந்த பணம் மற்ற கணக்குகளிலிருந்து முழுவதும் திரும்பக் கிடைத்தால் மட்டும் இந்த 8,400 ரூபாயை எனக்குத் தரவும் என்று. கோரிக்கைப் பகுதியில் எந்த வக்கீலும் இப்படி எழுதிக் கொடுக்க மாட்டார், கட்சிக்காரரின் உரிமையைத் தானே குறுக்குவது போலாகும் என்று விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருக்கட்டும் சார், சேர்த்துடுங்க" என்றார்.

சேர்த்தேன். மனு நிலுவையில் இருக்கிறது.