கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல்

பவளம் என்றதும் நம் நினைவுக்கு வருவது கழுத்தில் அணியும் சிவப்பு மணிதான். ஆனால் பவளம் கல்லுமன்று, செடியுமன்று. அது உயிருள்ள பிராணி! கல்பவளம் என்னும் வகையில் எண்ணற்ற சிற்றுயிர்கள் ஒன்றுகூடி, கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தமக்கென வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளியைக்கொண்டு உணவு சமைத்து, இடம் கொடுத்தவர்க்கும் பங்கு தருகின்றன. வாடகையை இப்படி ஒழுங்காகச் செலுத்துவோர் நம்மில் எத்தனை பேர்?

சென்ற கோடை விடுமுறையில் சகோதரிகள் நாங்கள் இருவரும் சிங்கப்பூரிலுள்ள மாமா வீட்டுக்குச் சென்றிருந்தோம். அங்கே இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியில் ஏறத்தாழ 70 லிட்டர் உப்புநீரும் சில பாறைகளும் மட்டுமே இருந்தன. "பவளம் எங்கே மாமா?" என்றோம். "முதலில் தண்ணீர் பக்குவப்படட்டும், பிள்ளைகளா" என்றார். பாறைகளில் பாக்டீரியாக்கள் பெருகி, நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்ற வாரக்கணக்கில் ஆகுமாம். "வெறும் தண்ணீருக்கு இத்தனை காவலா?" என்று அத்தை சிரித்தார்.

நீர் பக்குவமானதும், சிமெண்டு வில்லையில் வளர்க்கப்பட்ட கட்டைவிரல் அளவு மூளைப் பவளத் துண்டு ஒன்று வந்தது. விளக்கொளி பழகும்வரை அதைத் தொட்டியின் அடியில் வைத்தோம். லிட்டருக்கு 35 கிராம் உப்பு, 400 முதல் 450 மில்லிகிராம் கால்சியம், 25 அல்லது 26 டிகிரி வெப்பம், ஓயாத நீரோட்டம் இவை அதன் தேவைகள். பெருங்கடலில் சிறு மாற்றம் கரைந்துபோகும். சிறு தொட்டியிலோ ஒரே நாளில் எல்லாம் தலைகீழாகிவிடும்.

அப்படியே நடந்தது. வெயில் மிகுந்த ஒரு வாரத்தில் நீரின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டியது. பவளம் சுருங்கி வெளிறியது. இரவில் இரை தேடி நீட்டும் மெல்லிய கைகளை அது நீட்டவேயில்லை. மாமா தொட்டியின் மேல் ஒரு சிறு மின்விசிறியை வைத்தார். நீர் ஆவியாகும்போது வெப்பம் தணியும்; ஆனால் உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்குச் சுத்தமான நன்னீரை ஊற்றும் பணி எங்களுடையதாயிற்று. ஆறாம் நாள் இரவு கைவிளக்கோடு சென்று பார்த்தபோது, நூலிழை போன்ற கைகள் நீரில் அசைந்தன. நாங்கள் எழுப்பிய ஆரவாரத்தில் வீடே விழித்துக்கொண்டது!

நம் தூத்துக்குடிக்குத் திரும்பியதும் இங்கும் ஒரு தொட்டி வைக்க ஆசைப்பட்டோம். அப்பா மறுத்துவிட்டார். 2001-ஆம் ஆண்டிலேயே கல்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டனவாம். அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். காரணமும் நம் கண்ணெதிரே உள்ளது. முற்காலத்தில் பவளப் பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாயில் சுட்டார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலுள் மூழ்கிவிட்டன. 2016-இல் கடல் சூடேறியபோது பவளங்கள் பெருமளவில் வெளிறி மடிந்தன. நம் ஊர் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆய்வு நிறுவனத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைக் கட்டிக் கடலடியில் நட்டு வளர்த்து வருகிறார்கள் என்பது ஆறுதல்.

தோழியரே, ஒரு கட்டைவிரல் பவளத்தைக் காக்க ஒரு வீடே விழித்திருந்தது. மாமாவின் தொட்டிக்கு ஒரு விசிறி போதுமானதாயிற்று. நம் கடலுக்கு யார் விசிறி வைப்பார்? கடைகளில் அழகுக்காக விற்கும் பவளத் துண்டுகளை வாங்காதிருப்போம். கரையோரப் பவளத்தின்மேல் கால் வைக்காதிருப்போம். இவை சிறிய செயல்களே. ஆயினும், சின்னஞ்சிறு உயிர்கள் சேர்ந்துதானே பெரும் பாறைகளையே கட்டின!