இடப்பக்கம், நடு வரிசை

கெடா தோட்டங்களில் 1980களில் புருஷனும் பெண்டாட்டியும் தனியாக ஊர் சுற்றக் கிளம்புகிற வழக்கம் கிடையாது. பஸ் ஏறுவதென்றால் கல்யாணம், கருமாதி, திருவிழா, ஆஸ்பத்திரி. இதில் எதுவும் இல்லாமல் இரண்டு பேர் பையைத் தூக்கினால் லயத்தில் வாசலுக்கு வாசல் பதில் சொல்லியாக வேண்டும். எங்கே போவது என்று யோசிக்கும் முன்பே எதற்காகப் போகிறோம் என்பதற்கு ஒரு காரணம் தயாராக இருக்க வேண்டும். எங்களுக்குக் கைகொடுத்தவர் முருகன். கேமரன் மலை பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது, அங்கே ஒரு வேண்டுதல் பாக்கி என்று என் வீட்டுக்காரர் தன் அம்மாவிடம் சொன்னார். அத்தை என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். "அவ்ளோ குளுர்ல இருக்கிற முருகன்கிட்ட ஏன்டா போயி நேந்துகிட்ட? பக்கத்துல இருக்கிறவருக்குக் காது கேக்கலியா?" என்றார். அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

பாடாங் செராயில் பிறந்து பீடோங் பக்கம் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். அங்கே பயணத் தேதியை மரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் வடக்கே வறட்சி. மரமெல்லாம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும், பிறகு தளிர் விடும். பால் சுண்டிப்போய் மங்கு பாதிகூட நிறையாது. எப்படியும் கூலி குறைகிற அந்த வாரங்களில் லீவு போட்டால் நஷ்டம் கொஞ்சம். அதிலும் சீனப் பெருநாளை ஒதுக்க வேண்டும். பஸ்ஸில் இடம் கிடைக்காது, பட்டணத்தில் பாதிக் கடை பூட்டியிருக்கும். தைப்பூசம் வந்தால் தோட்டமே பினாங்குத் தண்ணீர்மலைக்குக் கிளம்பிவிடும், நாம் மட்டும் வேறு மலைக்குப் போக முடியாது. இந்தச் சந்துபொந்துகளுக்கு இடையில் எங்கள் தேதி விழுந்தது. சம்பளத்தோடு ஆண்டு லீவு என்பது சட்டத்தில் இருந்தது. ஆனால் அதைக் கேட்டுக் கிராணி முன்னால் போய் நிற்க வாய் வராது. இவர் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, தலையைச் சொறிந்துகொண்டே கேட்டு வாங்கினார்.

காசுக்கு என் கூட்டுப் பணம் வந்தது. அதைத் தையல் மெஷின் வாங்க வைத்திருந்தேன் என்பதை அப்போது இவரிடம் சொல்லவில்லை. குளிருக்கு லயத்தின் ஸ்வெட்டர். ஆமாம், எங்கள் வரிசை முழுவதற்கும் ஒரே ஒரு ஸ்வெட்டர்தான். ஏதோ ஒரு காலத்தில் துரை வீட்டு அம்மா ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது என்பார்கள். மலைக்குப் போகிறவர், காய்ச்சல் கண்டவர், பிள்ளை பெற்றவள் எல்லோரும் அதைத்தான் மாட்டிக்கொண்டார்கள். அது கைக்கு வந்த நாளில் எங்கள் பயணம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருத்தி கோடாலித் தைலம் கொடுத்தாள். இன்னொருத்தி தாப்பா வளைவுகளுக்கு வாந்தி வராமலிருக்க உப்புப் போட்ட ஆசாம் கொடுத்து, வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னாள். போகாதவர்கள்தான் அதிகம் வழி சொன்னார்கள்.

டிக்கெட் எடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சுங்கை பட்டாணியின் நடுவில் 1936ல் எழுந்த மணிக்கூண்டு இருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவுக்காக லிம் லியன் தெங் என்ற செல்வந்தர் கட்டிக்கொடுத்தது. தோட்டத்து ஆட்கள் பட்டணத்தில் யாரையாவது சந்திப்பதென்றால் அதன் அடியில்தான். அதைச் சுற்றிக்கொண்டு எக்ஸ்பிரஸ் பஸ் கவுண்டருக்குப் போனோம். கவுண்டர்க்காரர் ஒரு தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். பஸ்ஸின் படம், கட்டம் கட்டமாக இருக்கைகள், விற்றுப்போனவற்றின் மேல் பேனாவால் பெருக்கல் குறி. அதன்மேல் குனிந்து நாங்கள் யோசித்த யோசனை, பிற்பாடு வீடு வாங்கும்போதுகூட யோசித்ததில்லை. வலப்பக்கம் வேண்டாம், எதிரே வரும் லாரி விளக்கு கண்ணைக் குத்தும். பின்வரிசை சக்கரத்துக்கு மேலே குலுக்கும். முன்வரிசையில் டிரைவர் முந்துவதைப் பார்த்துப் பார்த்தே உயிர் போகும். இடப்பக்கம், நடு வரிசை, ஜன்னல் எனக்கு. கார்பன் தாள் வைத்து எழுதிய அந்தச் சீட்டை இவர் சட்டைப்பைக்குள் வைத்து, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

கோலாலம்பூர் போகிற ராத்திரி பஸ். நாங்கள் நடுவழியில் தாப்பாவில் இறங்கி, விடிந்ததும் மலை பஸ் பிடிக்க வேண்டும். அன்றைக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுசாக இல்லை. பழைய சாலை ஒவ்வொரு ஊரையும் கும்பிட்டுக்கொண்டு போகும்: பட்டர்வொர்த், நிபோங் திபால், பாரிட் புந்தார், பாகான் செராய், கோலகங்சார், சுங்கை சிப்புட், ஈப்போ, கோப்பெங், கம்பார். மரலாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அதன் பின்விளக்கைப் பார்த்தபடி மைல் கணக்கில் ஊர வேண்டும். ஏசி எலும்பைத் தொட்டது. வாழையிலையில் கட்டிய எலுமிச்சைச் சோறும் நெத்திலி சம்பலும் பஸ் முழுக்க மணத்ததால் பிரிக்கவே கூச்சமாக இருந்தது. முன்வரிசை மலாய்க்கார அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்த பிறகுதான் பிரித்தோம்; அவருக்கும் கொஞ்சம் கொடுத்தோம்.

நான் ஏங்குவது சோற்றுக்கோ சாலைக்கோ இல்லை. லயத்து வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். முன்னால் கூடம், ஒரே ஒரு அறை, பின்னால் அடுப்படி. பலகைச் சுவர், அதுவும் கூரைவரை போகாது. மாமா, அத்தை, கொழுந்தன், நாத்தனார், நாங்கள். அடுத்த வீட்டில் இருமினால் எங்கள் வீட்டில் தண்ணீர் எடுத்துவர எழுவோம். கல்யாணமாகி வந்த நாள் முதல் நானும் இவரும் பேசியதெல்லாம் உப்பு இருக்கிறதா, சம்பளம் போட்டாச்சா, மழை நின்னுச்சா என்ற அளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் அது ஏழு பேர் கேட்கிற வார்த்தை. பஸ்ஸில் விளக்கை அணைத்தார்கள். எஞ்சின் இரைச்சல் எங்களுக்குக் கதவு சாத்திக் கொடுத்தது. சுற்றி எல்லோரும் தூங்க, அந்தக் குளிரில் ஒரே ஸ்வெட்டரை இருவர் மேலும் போட்டுக்கொண்டு நாங்கள் பேச ஆரம்பித்தோம். நான் மூன்றாம் படிவம் வரை படித்தவள் என்பது இவருக்குத் தெரியும். படிப்பை நிறுத்திய அன்று என்ன நடந்தது என்பதை அன்று ராத்திரிதான் கேட்டார். தையல் மெஷினைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மொதல்லயே சொல்லியிருந்தா கேமரனே வேணாமே" என்றார். "வேணும்" என்றேன். தனக்குப் பால் வெட்டு பிடிக்கவில்லை என்று இவர் சொன்னதும் அங்கேதான். அப்பாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார் என்று அதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம். ஈப்போ விளக்குகள் வந்ததுகூடத் தெரியவில்லை.

கேமரன் மலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1885ல் அங்கே அளவையெடுக்கப் போன வில்லியம் கேமரனின் பெயர் அந்த மலைக்கு. பூ, ஸ்ட்ராபெரி, முட்டைக்கோஸ் எல்லாம் பார்த்தோம். முருகனுக்கு இல்லாத வேண்டுதலை நிறைவேற்றினோம். மறுநாள் தேயிலை பார்க்கப் போனோம். 1929ல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் அங்கே புகழ்பெற்றது. சரிவில் வேலை செய்துகொண்டிருந்த தமிழ்ப் பெண்கள் எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தோட்டம்?" அவ்வளவுதான், விடுமுறை முடிந்தது. பெரட்டு எத்தனை மணிக்கு, கிலோவுக்கு என்ன, மழை நாளில் கூலி உண்டா, தமிழ்ப் பள்ளியில் எத்தனை வாத்தியார் என்று நின்ற இடத்திலேயே பேசிக்கொண்டிருந்தோம். தோட்டத்திலிருந்து தப்பித்துத் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்த எங்களை நினைத்து இவர் வழியெல்லாம் சிரித்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் தோட்டத்தை விட்டுப் போகலாம் என்ற பேச்சு எழுந்தது. 1972ல் பாயான் லெப்பாஸில் தொடங்கிய தொழிற்பேட்டைக்கும் பிறைக்கும் கெடாவிலிருந்து பேக்டரி பஸ்கள் விடியற்காலையில் பெண்களை அள்ளிக்கொண்டு போன காலம். போனால் பக்கத்தில் போகலாமே என்றேன் நான். இவருக்குக் கிள்ளானில் ஒரு சிநேகிதர் இருந்தார். எதுவும் முடிவாகவில்லை. ஆனால் இரண்டு பேர் பையைத் தூக்கிக்கொண்டு ராத்திரி பஸ் ஏறலாம், விடியும்போது வேறு ஊரில் இறங்கலாம், வானம் இடிந்து விழாது என்று தெரிந்துவிட்டது. அடுத்த வருஷம் மரம் இலை உதிர்த்தபோது அதே கவுண்டரில் சீட்டு எடுத்தோம். இம்முறை முழுவழிக்கும், திரும்பி வரும் சீட்டு எடுக்கவில்லை. இறங்கிய இடம் புடுராயா. 1976ல் திறந்த அந்தப் பஸ் நிலையத்தின் கீழ்த்தளத்தில் புகை மண்டியிருந்தது. மேலே ஏறி வந்தால் நாலா பக்கமும் ஊர் பெயரைக் கூவுகிறவர்கள். எங்கள் பக்கத்து இளைஞர்கள் எத்தனையோ பேர் அப்படித்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு தலைநகரத்துக்குள் நுழைந்தார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் எதிர்த்திசையில் அதே பயணம். கூட்டத்தில் இடிபட்டு, கூடுதல் பஸ்ஸில் தொற்றி, சுங்கை பட்டாணியில் இறங்கி, டாக்சி பிடித்துத் தோட்டம் போய்ச் சேர்கையில் விடியற்காலை நாலு மணி இருக்கும். நாய்கள் முதலில் அறிவிக்கும். அத்தை கதவைத் திறந்துகொண்டே "பஸ்ல தூங்குனீங்களா?" என்பார். தூங்கவில்லை என்று முகத்திலேயே தெரியும். பால் வெட்டப் போகிறவர்களுக்குப் போட்ட கோப்பியில் எங்களுக்கும் இரண்டு குவளை வரும். 1994ல் நெடுஞ்சாலை புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை 772 கிலோமீட்டருக்கு முழுசாகத் திறந்தபோது, ராத்திரி முழுக்க நீடித்த பயணம் ஐந்து மணி நேரமாகச் சுருங்கியது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். எங்களுக்கு மட்டும் பேச்சு ஈப்போவிலேயே நின்றுபோனது மாதிரி இருந்தது. அதற்குள் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். மூன்றாவது இருக்கை எடுக்க வேண்டியிருந்தது.

தோட்டத்து வீடு என்பது வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு நிலம் கைமாறித் தாமான் வீடுகள் வந்தன. மாமாவும் அத்தையும் கடைசிக் காலத்தில் எங்களோடு கிள்ளானில் இருந்தார்கள். அத்தை அடுக்குமாடி வீட்டின் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சத்தமே கேக்கல, எப்புடித்தான் இருக்கீங்களோ" என்றார். நாங்கள் எதற்காக ஓடி வந்தோமோ அது அவருக்குத் தண்டனையாகிவிட்டது. சீ. முத்துசாமிக்கு 2017ல் கோவையில் விஷ்ணுபுரம் விருது கொடுத்தபோது, நம் பக்கத்து எழுத்தாளர் என்று இவர் கிள்ளான் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருடைய தோட்டக் கதைகளைப் படித்துவிட்டு, "அந்த லயமெல்லாம் இப்ப புஸ்தகத்துலதான் நிக்குது" என்றார்.

இப்போது நாங்கள் மறுபடி ஒரு பயணம் போடுகிறோம். இரண்டு பேர் மட்டும். பிள்ளைகள் லங்காவிக்குப் போகச் சொன்னார்கள்; காரில் கொண்டு விடுவதாகவும் சொன்னார்கள். வேண்டாம், கெடாவுக்கு, எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் என்றோம். பஸ் இப்போது புடுராயாவில் இல்லை. 2011ல் தொடங்கிய தாசேக் செலாத்தான் நிலையத்துக்குப் போக வேண்டும். அது விமான நிலையம் போலப் பளபளக்கிறது. இருக்கைப் படம் போனிலேயே வருகிறது. ஒரு பக்கம் ஒற்றை இருக்கை, மறுபக்கம் இரட்டை. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்து, நடு வரிசையைத் தட்டினார்.

என்ன பார்ப்பது என்று பட்டியலும் போட்டோம். மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம். 1025ல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் வந்த கடாரம் அதுதான் என்கிறார்கள். எங்கள் லயத்திலிருந்து சைக்கிள் மிதித்தால் எட்டிவிடும் தூரத்தில் இருந்தும், அங்கே குடியிருந்த காலத்தில் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. பிறகு 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை. தினமும் அதன் முகத்தில் விழித்தும் உச்சிக்குப் போனதில்லை. பழைய தோட்டத்துப் பக்கமும் ஒரு நடை. கோயில் இருக்கிறதாம், லயம் இல்லையாம். எந்த பஸ் என்பதில்தான் குழப்பம். நான் ராத்திரி பஸ் கேட்டேன். விளக்கை அணைத்த பிறகு பேசுவதற்கு இன்னும் விஷயம் பாக்கி இருக்கிறது என்றேன். இவருக்கும் அதில்தான் ஆசை. ஆனால் காலைப் பஸ்ஸுக்குத்தான் சீட்டு எடுத்திருக்கிறோம். ராத்திரி பஸ் விடியுமுன் சுங்கை பட்டாணியில் இறக்கிவிடும். ஹோட்டலில் பகல் மூன்று மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள். விடியற்காலை நாலு மணிக்குப் போய்க் கதவைத் தட்ட எங்களுக்கு அந்த ஊரில் வீடு இல்லை.