ஏட்டையா ஓட்டுக் கேட்கிறார்

டிசம்பர் 9, 2019

வேட்புமனு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். புதிதாகப் பிரிந்த மாவட்டங்களையும் அவற்றின் தாய் மாவட்டங்களையும் விட்டுவிட்டு மீதி 27 மாவட்டங்களில் தேர்தல் நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் போன வாரம் சொன்னது. பெரம்பலூரும் அரியலூரும் அந்த 27-இல் வருகின்றன. 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய தேர்தல் இது. நீதிமன்றத்தில் ரத்தாகி, மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் கையில் ஊர் ஓடியது. தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதே ஜனங்களுக்கு மறந்துவிட்டது.

ஓய்வுபெற்ற சிறப்பு எஸ்.ஐ. நான். ஊருக்கு இன்னும் ஏட்டையாதான். ஊராட்சித் தலைவருக்கு நிற்கப்போகிறேன் என்றதும் வீட்டுக்காரி, "பென்ஷன் வாங்கிட்டு நிம்மதியா இருக்க முடியலையா?" என்றாள். ராத்திரி அக்கா மகன் டெக்சாஸிலிருந்து பேசினான். அங்கே மார்ச்சில் கட்சிகளின் உட்தேர்தலாம், மனுக் கொடுக்க இன்றுதான் கடைசி நாள். "மாமா, எங்க கவுன்ட்டில போலீஸ் தலைவர் பதவிக்கே ஓட்டுதான். ஷெரீஃப்னு பேரு. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை. ஜெயில்கூட அவரு பொறுப்புதான். நீங்க இங்க இருந்திருந்தா அதுக்கே நின்னிருக்கலாம்."

சிரித்துவிட்டு போனை வைத்தேன். தூக்கம் வரவில்லை. நம் எஸ்.பி. ஓட்டுக் கேட்டு வீடு வீடாக வந்தால் எப்படியிருக்கும்?

டிசம்பர் 12

மனுக் கொடுத்தாகிவிட்டது. டெபாசிட் 600 ரூபாய். வீட்டு வரி பாக்கியில்லை என்று ரசீது, சொத்து விவரம், வழக்கு ஏதும் உண்டா என்ற உறுதிமொழி. எத்தனையோ பேர் மீது வழக்கு எழுதிய கையால், என் மீது வழக்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பி.டி.ஓ. ஆபீஸ் வாசலில் மாலையும் பட்டாசுமாகக் கூட்டம். பந்தோபஸ்துக்கு நின்ற சின்னப் பையன் என்னைத் தெரியாமல், "பெரியவரே, ஓரமா நில்லுங்க" என்றான். நின்றேன்.

செலவு வரம்பு 34,000 ரூபாய். பக்கத்து மாவட்டமான கடலூரில் ஒரு ஊரில் தலைவர் பதவியை 50 லட்சத்துக்கு ஏலம் விட்டதாகப் பேப்பரில் படம் போட்டே செய்தி வந்திருக்கிறது. ஏலம் எடுத்தவர் அந்தப் பணத்தை எதிலிருந்து திரும்ப எடுப்பார் என்று யோசிக்கப் போலீஸ் மூளை தேவையில்லை.

டிசம்பர் 14

அக்கா மகன் விடுவதாக இல்லை, வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறான். வால்ட்டர் பர்ட்டன் என்ற கறுப்பர். அடிமையாக டெக்சாஸுக்குக் கொண்டுவரப்பட்டவர். உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை ஒழிந்து, 1869-இல் இவன் குடியிருக்கும் அதே போர்ட் பெண்ட் கவுன்ட்டியில் ஷெரீஃபாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாராம். படித்ததும் எனக்கு மேலவளவு முருகேசன் ஞாபகம்தான் வந்தது. தனித்தொகுதியில் ஜெயித்து ஊராட்சித் தலைவரானவரை 1997 ஜூன் 30-ஆம் தேதி வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி பக்கம் பத்து வருஷம் தேர்தலையே நடத்தவிடவில்லை, 2006-இல்தான் ஒழுங்காக நடந்தது.

அதனால் எஸ்.பி.யை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஸ்டேஷனில் இருந்தவனுக்குத்தான் தெரியும். ஊரில் எந்தச் சாதி பெரிதோ அதற்கே ஸ்டேஷன் என்றாகிவிடும். சின்னத் தெருக்காரன் புகாரோடு வந்தால் ரைட்டர் பேனாவையே எடுக்கமாட்டார். இப்போது மட்டும் எடுக்கிறாரா என்று கேட்டால் அது வேறு சங்கதி. வெளியூர் அதிகாரி வருகிறார், அவருக்கு இங்கே பங்காளியும் கிடையாது, சம்பந்தியும் கிடையாது. அந்த ஒரு காரணத்தால் எத்தனையோ தடவை நியாயம் கிடைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவர் எத்தனை நாள் இருப்பார்? பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது, எஸ்.பி.க்கும் ஸ்டேஷன் அதிகாரிக்கும் குறைந்தது இரண்டு வருஷம் கொடுக்க வேண்டும் என்று. நான் பார்த்த அதிகாரிகளில் சிலர் ஊர்ப் பெயர்களைத் தப்பில்லாமல் சொல்லப் பழகுவதற்குள் மாறுதல் ஆணை வந்துவிட்டது.

மாவட்டத்துக்கே அந்தக் கதிதான். 1995-இல் திருச்சியைப் பிரித்துப் பெரம்பலூர் வந்தது. 2001-இல் அரியலூர் தனியாகப் போனது, மறு வருஷமே திரும்ப ஒட்டினார்கள், 2007 நவம்பர் 23-ஆம் தேதி மறுபடி பிரித்தார்கள். சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு இந்த வருஷம் இந்தக் கோர்ட், அடுத்த வருஷம் எந்தக் கோர்ட் என்று தெரியாமல் நாங்கள் அலைந்த காலம் அது.

டிசம்பர் 17

மனு ஏற்கப்பட்டது. எதிரே நான்கு பேர். அதில் ஒருவர் எனக்கு மச்சான் முறை.

டிசம்பர் 19

சின்னம் கொடுத்துவிட்டார்கள். பூட்டு சாவி. "லாக்கப் சாவியை வீட்டுக்கே எடுத்தாந்துட்டீங்களா, ஏட்டையா?" என்று டீக்கடையில் ஒரே சிரிப்பு. எதிராளிகள் இதை வைத்தே பேசுவார்கள். பேசட்டும், சின்னம் மனதில் நிற்கும்.

டிசம்பர் 21

காட்டுக்கொட்டாய்ப் பக்கம் ஓட்டுக் கேட்கப் போனேன். தண்ணீர் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். வெங்காயத்தைப் பற்றிக் கேட்டார்கள். சின்ன வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டி விற்கிற நேரம். பெரம்பலூர் பக்கம் நடவுக்கு வைத்திருந்த விதை வெங்காயத்தை மூட்டை மூட்டையாகத் திருடிக்கொண்டு போன சேதி எல்லார் வாயிலும் இருக்கிறது. பட்டறை போட்டிருக்கிறவர்கள் கட்டிலைக் கொண்டுவந்து பட்டறை ஓரமாகவே போட்டுப் படுக்கிறார்கள். ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வந்தா ராத்திரி ரோந்துக்கு ஆள் போடுவியா, தம்பி?" என்றது.

ஊராட்சித் தலைவருக்கு ரோந்து அனுப்ப அதிகாரம் கிடையாது. குடிதண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை, ஊர்ச் சாலை, சுடுகாடு, இவைதான் சட்டப்படி அவர் வேலை. இதையெல்லாம் அந்தப் பாட்டியிடம் சொல்லவா முடியும்? "காட்டுப் பாதைக்கு லைட் போடறேன் ஆத்தா, ரோந்துக்கு ஸ்டேஷன்ல நானே போய் நிக்கிறேன்" என்றேன். பாட்டி கையை விட்டுவிட்டது. ஓட்டு விழாது என்று தெரிந்தது. கூட வந்த தம்பி, "சரின்னு சொல்லிட்டு வர்றதுதானே அண்ணே?" என்று கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

லாரி விஷயமும் அப்படித்தான். அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் டிப்பர்கள் ராப்பகலாக ஓடுகின்றன. சிமெண்ட் ஆலைகளால் சம்பளம் வந்தது, கடை வந்தது, தூசியும் சாவும் வந்தன. ரோட்டோரம் அடிபட்டுக் கிடந்தவர்களைத் துணி போட்டு மூடி, அளவெடுத்து மகஜர் எழுதியவன் நான். சுரங்கத்துக்கு அனுமதி மேலே முடிவாகிறது, சாலை நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம், லாரியை நிறுத்த வேண்டியவர் போலீஸ். தலைவர் கையில் இருப்பது கிராம சபைத் தீர்மானம் ஒன்றுதான். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஊருக்குள் டிப்பர் வரக்கூடாது என்று நாள், நேரம் போட்டுத் தீர்மானம் எழுதி கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் கொண்டுபோனால், அதைக் குப்பையில் போடக் கொஞ்சம் கூசும். ஆள் பலம் இல்லாதவனுக்குக் காகிதம்தான் பலம்.

டிசம்பர் 23

மேடையில் பேசச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசியவர் உத்திரமேரூர்க் குடவோலையில் ஆரம்பித்து கங்கைகொண்ட சோழபுரம் வழியாக வந்து இறங்கினார். இந்தப் பக்கத்தில் ராஜேந்திர சோழனைத் தொடாமல் ஓட்டுக் கேட்கிறவர் கிடையாது. நான் ஜெயித்தால் ஆபீஸை எப்படி நடத்துவேன் என்று மட்டும் சொன்னேன்.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது உண்டு. மனு கொடுத்தால் நம்பர் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தத் துண்டுக் காகிதத்தைக் கொடுக்க ஏன் அவ்வளவு தயக்கம் என்று வெளியாளுக்குப் புரியாது. கொடுத்துவிட்டால் பதில் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான். காகிதம் இல்லாதவனை, "நீ எப்பய்யா வந்தே?" என்று கேட்டுவிடலாம். நம்பர் வைத்திருப்பவனிடம் அது நடக்காது. அந்த ரசீதை ஊராட்சி ஆபீஸுக்குக் கொண்டுவருவேன் என்றேன். குழாய் வரவில்லையா, பல்பு எரியவில்லையா, நூறு நாள் வேலைச் சம்பளம் ஏறவில்லையா, எழுதிக் கொடு, நம்பரோடு ரசீது வாங்கிக்கொண்டு போ. என்ன ஆயிற்று என்று கிராம சபையில் நம்பர் நம்பராகப் படிப்பேன். வரவு செலவை மாதாமாதம் ஆபீஸ் சுவரிலேயே எழுதிப் போடுவேன். டேங்க் ஆபரேட்டர் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் திறக்கிறார் என்பதும் அதே சுவரில்.

கைதட்டல் அதிகமில்லை. மச்சான் முறைக்காரர் மாரியம்மன் கோவிலுக்குக் கோபுரம் கட்டித் தருவதாகச் சொன்னார். விசில் பறந்தது.

டிசம்பர் 26

சூரிய கிரகணம். எட்டு மணியிலிருந்து பதினொன்று வரைக்கும் ஊரில் ஒரு கதவு திறக்கவில்லை. திருச்சிப் பக்கம் முழு வளையமே தெரிந்ததாம், இங்கே மெல்லிய பிறை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். இலைச் சந்தில் விழுந்த வெளிச்சமெல்லாம் தரையில் குட்டிக் குட்டிப் பிறையாக நெளிந்தது. பசங்கள் நோட்டீஸைத் திருப்பிப்போட்டு அதன் மேல் பிறைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கிரகணம் விட்டதும் பெண்கள் வாசல் கழுவ வந்தார்கள். ஓட்டுக் கேட்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கதவு தட்ட வேண்டிய வேலையே இல்லை.

முதல் கட்டம் நாளைக்கு. எங்கள் ஒன்றியத்துக்கு 30-ஆம் தேதி.

டிசம்பர் 28

ஐந்து மணியோடு பிரச்சாரம் ஓய்ந்தது. ராத்திரி வேறு ஓட்டம் ஆரம்பித்தது. எந்தத் தெருவில் எவ்வளவு, பாட்டில் யார் வீட்டில் இறங்குகிறது, எல்லாம் தெரிகிறது. உத்தியோகத்தில் இருந்தால் வண்டியை மறித்திருப்பேன். இப்போது புகார் சொல்லலாம். சொன்னேன். ரசீது கேட்டேன். "எதுக்குங்கய்யா அதெல்லாம்?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

டிசம்பர் 30

காலையிலிருந்தே நீண்ட வரிசை. கையில் நான்கு சீட்டு, நான்கு நிறம், தலைவருக்கு இளஞ்சிவப்பு. வயதானவர்கள் எதில் குத்துவது, எப்படி மடிப்பது என்று திணறினார்கள். நாடாளுமன்றத்துக்கு மெஷின், ஊருக்கு மட்டும் இன்னும் சீட்டும் மையும். காட்டுக்கொட்டாய்ப் பாட்டி வரிசையில் நின்றது. என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

ஜனவரி 3, 2020

நேற்றுக் காலை தொடங்கிய எண்ணிக்கை விடிய விடிய நடந்தது. நிறம் நிறமாகப் பிரித்து, கட்டுக் கட்டாகக் கட்டி, அப்புறம்தான் எண்ணவே ஆரம்பித்தார்கள். விடியற்காலை என் பெயரைக் கூப்பிட்டார்கள். நூறுக்கும் குறைவான வித்தியாசம். கோபுரம் தோற்றது என்று சொல்லமாட்டேன், கோபுரக்காரரின் ஓட்டை அவர் பங்காளியே பிரித்துவிட்டார். அதுதான் உண்மை.

அக்கா மகனுக்குத் தகவல் அனுப்பினேன். "ஷெரீஃப் மாமா!" என்று பதில். மெட்ராஸிலும் ஒரு காலத்தில் ஷெரீஃப் இருந்தார், ஓட்டும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது, பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கிற கௌரவப் பதவி என்று எழுதினேன். பம்பாயில் நடிகர் சுனில் தத்கூட அதில் இருந்திருக்கிறார். "அப்ப உங்களுக்கு என்னதான் மாமா பவரு?" என்று கேட்டான். செக்கில் கையெழுத்து என்றேன். அதிலும் பாதி.

ஜனவரி 6

வைகுண்ட ஏகாதசி. பதவியேற்பு. இத்தனை வருஷம் தொப்பியோடு சல்யூட் அடித்தவனுக்கு வேட்டி துண்டோடு உறுதிமொழி எடுக்கும்போது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வாழ்த்த வந்த ரிட்டயர்டு வாத்தியார் 1956-ஐப் பேசினார். மருதையாற்றில் ரயில் கவிழ்ந்தது, லால் பகதூர் சாஸ்திரி மந்திரி பதவியை விட்டார். அதுவும் ஒரு நவம்பர் 23-தான். அரியலூர்க்காரர்கள் பொறுப்பு என்ற பேச்சு வந்தாலே இதற்கு வந்துவிடுவார்கள். எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. மந்திரி விலகியதை ஊரே ஞாபகம் வைத்திருக்கிறது. வெள்ளம் பாலத்தை அரிக்கிறதா என்று அடுத்த மழையில் யார் போய்ப் பார்த்தார்கள் என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஜனவரி 8

ரசீதுப் புத்தகம் அச்சடித்து வந்துவிட்டது, என் சொந்தச் செலவு. செயலர் புரட்டிப் பார்த்தார். "இதுக்கு ஜி.ஓ. எதுவும் இருக்குங்களா, தலைவரே?"

"இல்ல. குடுக்கக் கூடாதுன்னு ஏதும் ஜி.ஓ. இருக்கா?"

"அதுவும் இல்லீங்க. ஆனா ஆடிட்ல கேப்பாங்க."

"கேட்டா நான் பதில் சொல்றேன்."

மத்தியானத்துக்குள் பதினேழு மனு. பாதிக்கு மேல் தண்ணீர். இரண்டு பட்டா மாறுதல், அது நம் வேலையில்லை, வி.ஏ.ஓ.விடம் போகச் சொல்லி அதையும் ரசீதிலேயே எழுதிக் கொடுத்தேன். ஒன்று வெங்காயக் காட்டுப் பாதைக்கு விளக்கு. பாட்டி வரவில்லை, பேரனை அனுப்பியிருந்தது.

ஜனவரி 11

துணைத்தலைவர் தேர்தல். வார்டு உறுப்பினர்கள் மறைமுகமாக ஓட்டுப் போட்டு மச்சான் முறைக்காரரின் மருமகனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் காசோலை செல்லும். அவர் பேனாவை எடுக்காவிட்டால் என் ரசீதெல்லாம் வெறும் காகிதம். தலைவரை நீக்கக் கலெக்டருக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது, கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கிற துணைத்தலைவரை வழிக்குக் கொண்டுவர நடைமுறையில் காலில் விழாத குறைதான். சட்டம் எழுதியவர்கள் இருவர் இருந்தால் திருட்டு குறையும் என்று நினைத்திருப்பார்கள். இருவரும் சேர்ந்தே திருடிய வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

26-ஆம் தேதி கிராம சபை. அதற்குள் மோட்டார் பழுது, பல்பு, டேங்க் கழுவிய கூலி மூன்றுக்கும் பணம் கொடுத்தாக வேண்டும். பையன் மோசமானவன் இல்லை, மாமனார் பேச்சைக் கேட்கிறவன். அவர்கள் வீட்டில் காலை ஏழு மணிக்குக் காபி. செயலரையும் பில்லையும் கூட்டிக்கொண்டு அந்த நேரத்துக்குப் போய் உட்கார்ந்துவிடலாம் என்றிருக்கிறேன்.